அமெரிக்காவின் மதிய நேரத் தொடர்கள்: எப்படி எழுந்தன, ஏன் ஒவ்வொன்றாக நின்றன?

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் பெரிய சேனல்களான சிபிஎஸ், என்பிசி, ஏபிசி மூன்றிலும் ஒரு காலத்தில் மதியம் முழுக்கக் குடும்பத் தொடர்களே ஓடின. ஐம்பது வருடம் தாண்டி ஓடியவையும் உண்டு. அப்படி வேரோடிய ஒன்று எப்படித் தொடங்கியது, எந்தச் சேனல் என்ன செய்தது, ஏன் இப்படிச் சுருங்கியது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடர்களின் உயிர் பழக்கத்தில் இருந்தது. அம்மா பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பெண், தனக்குக் கல்யாணமான பிறகும் அதே நேரத்துக்கு அதே சேனலைப் போட்டாள். அந்தச் சங்கிலியை உண்டாக்க ஒரு தலைமுறை பிடித்தது. அறுந்த பிறகு யாராலும் ஒட்டவைக்க முடியவில்லை. இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இந்த வரலாற்றில் பாதி ஒரே ஒரு பெண்மணியிடமும் அவர் வளர்த்த இரண்டு பேரிடமும் அடங்கிவிடுகிறது. அவர்களைப் பற்றி அங்கேயே பலருக்குத் தெரியாது.

அந்தப் பெண்மணி இர்னா பிலிப்ஸ். ஆசிரியை வேலை பார்த்துவிட்டு சிகாகோவில் வானொலிக்கு வந்தவர். 1930-ல் டபிள்யூஜிஎன் நிலையத்துக்காக ‘பெயின்டட் ட்ரீம்ஸ்’ என்ற தினசரித் தொடரை எழுதினார், அதில் அவரே நடிக்கவும் செய்தார். ஒரு தாய், அவள் குடும்பம், அடுப்படிப் பேச்சு, அவ்வளவுதான் கதை. அதை வேறு பெரிய வானொலிக்குக் கொண்டுபோகலாம் என்று அவர் கேட்டபோது நிலையம் மறுத்தது. வழக்குப் போட்டார், தோற்றார். எழுதியவர் அவராக இருந்தாலும் தொடர் நிலையத்துக்குத்தான் சொந்தம் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் தன் தொடர்களைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார். ஒரு பெண் தன் எழுத்துக்குத் தானே உரிமையாளராக இருந்து விளம்பரதாரர்களோடு விலை பேசுவது 1930-களில் சாதாரண விஷயம் இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பகல் நேரத்தில் வானொலியில் நேரம் வாங்குவதற்கான கட்டணம் குறைவு. வீட்டில் இருக்கும் பெண்கள்தான் சோப்பு, சலவைத்தூள், சமையல் கொழுப்பு எல்லாம் வாங்குகிறவர்கள். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1933-ல் ஆக்ஸிடால் சலவைத்தூளுக்காக ‘மா பெர்கின்ஸ்’ தொடரைப் பிடித்தது. அது 1960 வரை ஓடியது. நடுவில் விளம்பரம் போடுவதோடு இந்த நிறுவனங்கள் நிற்கவில்லை. தயாரிப்புச் செலவு முழுவதையும் ஏற்று, தொடரையே தங்கள் சொத்தாக வைத்துக்கொண்டார்கள். சேனல் வெறும் நேரத்தை விற்றது. பத்திரிகைக்காரர்கள் இவற்றுக்கு சோப் ஒபரா என்று பெயர் வைத்ததும் இதனால்தான். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் நல்லது கெட்டது இரண்டுக்கும் இது காரணம்.

இர்னா உட்கார்ந்து எழுதுகிறவர் இல்லை. ஒவ்வொரு பாத்திரமாகக் குரல் மாற்றிப் பேசி நடித்துக்காட்டுவார்; உதவியாளர் தட்டச்சு செய்துகொள்வார். ஒரே சமயத்தில் பல தொடர்களுக்கு இப்படித்தான் கதை சொன்னார். மற்றவர்கள் கடத்தல், கொலை என்று ஓடிக்கொண்டிருந்தபோது இவர் கதையை மெதுவாக நடத்தினார். இரண்டு பேர் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவார்கள். அதிலேயே ஒரு நாள் முடிந்துவிடும். அவருடைய ‘கைடிங் லைட்’ 1937 ஜனவரியில் என்பிசி வானொலியில் தொடங்கியது. இந்தப் பெயர் பின்னாலும் வரும்.

டிவி வந்ததும் எல்லோருக்கும் ஒரே சந்தேகம். வானொலியைத் துணி தேய்த்துக்கொண்டே கேட்கலாம். டிவியை எப்படிப் பார்ப்பது? 1949 ஜனவரி 31-ல் என்பிசி சிகாகோவிலிருந்து இர்னா எழுதிய ‘தீஸ் ஆர் மை சில்ட்ரன்’ தொடரை ஒளிபரப்பியது. அமெரிக்க டிவியின் முதல் பகல் நேரத் தொடர் அதுதான். சுமார் ஒரு மாதத்தில் நின்றுபோனது. முதலில் தொடங்கிய என்பிசி அங்கேயே தயங்கி நிற்க, சிபிஎஸ் முந்திக்கொண்டது. 1951 செப்டம்பரில் ‘சர்ச் ஃபார் டுமாரோ’, ‘லவ் ஆஃப் லைஃப்’ இரண்டும் அதில் வந்தன. இரண்டும் பதினைந்து நிமிடம், நேரலை, ஆர்கன் இசை, மெல்லிய அட்டைச் சுவர்கள். ‘சர்ச் ஃபார் டுமாரோ’வில் ஜோவாக நடித்த மேரி ஸ்டூவர்ட், அது 1986-ல் முடியும்வரை முப்பத்தைந்து வருடம் அதே பாத்திரத்தில் இருந்தார். 1952-ல் ‘கைடிங் லைட்’ டிவிக்கு வந்தது. ஆனால் வானொலியையும் விடவில்லை. நான்கு வருடம் அதே நடிகர்கள் அதே வசனத்தை ஒரே நாளில் டிவிக்கும் வானொலிக்கும் இரண்டு முறை நடித்தார்கள்.

அடுத்து வந்ததுதான் முக்கியமான திருப்பம். 1956 ஏப்ரல் 2-ல் சிபிஎஸ் இரண்டு அரை மணி நேரத் தொடர்களை ஒரே நாளில் இறக்கியது. ஒன்று ‘தி எட்ஜ் ஆஃப் நைட்’, போலீஸ், வக்கீல், கொலை விசாரணை. இன்னொன்று இர்னாவின் ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’. அரை மணி நேரம் பெண்கள் உட்கார மாட்டார்கள் என்று பலர் சொன்னார்கள். இர்னா அந்தக் கூடுதல் நேரத்தைக் கொண்டு நிகழ்ச்சிகளைக் கூட்டவில்லை. பேச்சுக்கு நடுவே இடைவெளி விட்டார். கேமரா முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. சொல்லாததை முகம் சொன்னது. ஓக்டேல் என்ற சிற்றூரில் வக்கீல் கிறிஸ் ஹியூஸ் குடும்பம். அவர் மனைவி நான்சி. முதல் நாளில் முதல் வசனம் நான்சி கணவனுக்குச் சொல்லும் காலை வணக்கம். அதைச் சொன்ன ஹெலன் வாக்னர், இடையில் சில இடைவெளிகள் தவிர, 2010-ல் இறக்கும்வரை நான்சியாகவே நடித்தார். 1950-களின் கடைசியிலிருந்து கிட்டத்தட்ட இருபது வருடம் அதிகம் பேர் பார்த்த பகல் தொடர் இதுதான்.

அந்தத் தொடர் அமெரிக்க வீடுகளுக்குள் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதற்கு ஒரு சான்று பதிவில் இருக்கிறது. 1963 நவம்பர் 22, நியூயார்க் நேரம் மதியம் ஒன்று நாற்பது. நான்சி தன் மாமனாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். மகன் பாப், தன் முன்னாள் மனைவி லிசாவை நன்றி கூறும் நாள் விருந்துக்கு அழைத்திருக்கிறான் என்று அந்தப் பேச்சு போகிறது. திடீரென்று திரையில் சிபிஎஸ் செய்தி அட்டை. சிபிஎஸ் செய்தியாளர் வால்டர் கிரான்கைட்டின் குரல் மட்டும் கேட்கிறது. டல்லஸில் அதிபர் கென்னடி சுடப்பட்டார். கேமரா சூடாக நேரம் எடுக்கும் காலம் அது; அதனால்தான் முகம் வரவில்லை. அந்தச் செய்தி முடிந்ததும் மறுபடி விளம்பரம், மறுபடி தொடர், மறுபடி செய்தி. ஸ்டூடியோவில் இருந்த நடிகர்களுக்கு வெளியே நடந்தது தெரியாது; நேரலை என்பதால் அவர்கள் நடித்துக்கொண்டே இருந்தார்கள். லட்சக்கணக்கான பெண்கள் அந்தச் செய்தியை முதலில் கேட்டது நான்சியின் வரவேற்பறை வழியாகத்தான்.

மற்ற இரண்டு சேனல்களும் 1963 ஏப்ரல் 1-ல் ஒரே நாளில் மருத்துவமனைத் தொடர்களோடு வந்தன. என்பிசி ‘தி டாக்டர்ஸ்’, ஏபிசி ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’. இரண்டாவது இன்னும் ஓடுகிறது. என்பிசி 1964-ல் இர்னாவிடமே ‘அனதர் வேர்ல்ட்’ வாங்கியது, 1965 நவம்பரில் ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ தொடங்கியது. மணல்கடிகாரம் சரிவதைக் காட்டி நடிகர் மெக்டொனால்ட் கேரி குரலில் வரும் அதன் தொடக்கம் அங்கே தெரியாதவர்கள் குறைவு. மூன்றில் இளையது ஏபிசி. இழக்க எதுவும் இல்லாததால் துணிந்தது. 1966-ல் டான் கர்ட்டிஸின் ‘டார்க் ஷேடோஸ்’ தொடரைக் கொண்டுவந்தது. பார்வையாளர் குறைந்து நிறுத்தப்படும் நிலையில், 1967-ல் பார்னபஸ் காலின்ஸ் என்ற இரத்தக் காட்டேரியை உள்ளே விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தார்கள். பகல் தொடரை இல்லத்தரசிகள் அல்லாதவர்களும் பார்ப்பார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்போது ஆக்னஸ் நிக்சனிடம் வருகிறேன். என் மதிப்பில் இந்தத் துறையின் மிகப் பெரிய ஆள் அவர்தான். கல்லூரி முடித்துவிட்டு எழுத்தாளராக வேண்டும் என்றபோது, பிணத்துக்கு உடுத்தும் ஆடைகள் தயாரிக்கும் தன் தொழிலுக்கு மகள் வரவேண்டும் என்று நினைத்த அப்பா, அந்த ஆசையைக் கலைப்பதற்காகவே அவரை இர்னாவிடம் அனுப்பினார். ஆக்னஸ் எழுதியதை இர்னா அங்கேயே உரக்கப் படித்துவிட்டு, என்னிடம் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். அப்பா எதிர்பார்த்தது வேறு.

1962-ல் ‘கைடிங் லைட்’ தொடருக்கு எழுதிக்கொண்டிருந்த ஆக்னஸ், பெர்ட் பௌவர் என்ற குடும்பத் தலைவிக்குக் கருப்பை புற்றுநோய் ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்படுவதாகக் கதை அமைத்தார். பாப் பரிசோதனை (கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள் என்று பெண்களிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் நோக்கம். சேனலும் சோப்பு நிறுவனமும் ஒப்புக்கொண்டன, ஆனால் ஒரு நிபந்தனை: புற்றுநோய், கருப்பை, கருப்பை நீக்கம் என்ற வார்த்தைகள் வரக்கூடாது. அந்த வார்த்தைகள் இல்லாமலே எழுதி முடித்தார். பார்த்தவர்களுக்கு எல்லாம் புரிந்தது. பெர்ட்டாக நடித்த சாரிட்டா பௌவருக்கு 1980-களில் நிஜமாகவே ஒரு காலை எடுக்க வேண்டிவந்தபோது, அதையும் தொடருக்குள் கொண்டுவந்து பெர்ட் மறுபடி நடக்கப் பழகுவதைக் காட்டினார்கள். முப்பது வருடமாகத் தெரிந்த ஒரு முகம் அதைச் செய்வதைப் பார்ப்பது வேறு எந்த வகை நாடகத்திலும் கிடைக்காது.

ஏபிசி ஆக்னஸுக்குச் சொந்தத் தொடர் கொடுத்தது. 1968 ஜூலையில் ‘ஒன் லைஃப் டு லிவ்’. அதில் கார்லா என்ற நடிகை வருகிறாள். இத்தாலிய வம்சத்தவள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் அவளை விரும்புகிறார். கறுப்பின டாக்டர் ஒருவர் மீது அவளுக்கு மனம் போகிறது. அவள் அந்தக் கறுப்பின டாக்டரை நெருங்கியதும் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். மாதக்கணக்கில் இப்படிப் போன பிறகு, மருத்துவமனையில் வேலை பார்க்கும் சேடி கிரே என்ற கறுப்பினப் பெண்மணி அவளைப் பார்த்து மகளே என்கிறாள். கார்லா நிறம் வெளுத்த கறுப்பினப் பெண். தன் பிறப்பை மறைத்து வாழ்ந்தவள். அத்தனை நாள் அவளோடு பழகிய பார்வையாளர்கள் தங்கள் மனதில் ஓடியதைத் தாங்களே பார்க்க வேண்டியதாயிற்று. கார்லாவாக நடித்த எலன் ஹாலியும் கறுப்பினத்தவர்தான். ஒரே மாலையில் முடியும் படத்தால் இதைச் செய்ய முடியாது. ஏமாற்றம் முழுதாக உறைக்க அந்த மாதங்கள் வேண்டும்.

1970 ஜனவரியில் ஆக்னஸின் ‘ஆல் மை சில்ட்ரன்’. வியட்நாம் போரை எதிர்க்கும் பாத்திரம் முதலிலேயே இருந்தது. அதன் எரிக்கா கேன் 1973-ல் சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொண்டாள். கருக்கலைப்பு உரிமையை ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே ஆண்டு. சுயநலம், ஆசை, வீம்பு எல்லாம் கொண்ட ஒரு பெண்ணைத் தண்டிக்காமல் நாற்பது வருடம் நாயகியாக வைத்திருந்தார்கள். எரிக்காவாக நடித்த சூசன் லூசி டிவிக்கான எம்மி விருதுக்குப் பதினெட்டு முறை பரிந்துரைக்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பி, பத்தொன்பதாவது முறை 1999-ல் வாங்கினார். அரங்கம் எழுந்து நின்று நீண்ட நேரம் கைதட்டியது.

இர்னாவின் இன்னொரு சீடர் வில்லியம் பெல். மனைவி லீ பிலிப் பெல்லோடு சேர்ந்து 1973 மார்ச்சில் சிபிஎஸ்ஸுக்கு ‘தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்’, 1987-ல் ‘தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்’. நிழலும் வெளிச்சமுமாக சினிமா போன்ற படப்பிடிப்பு, இளம் முகங்கள், பணக்காரக் குடும்பங்கள். முதலாவது 1988 கடைசியிலிருந்து பார்வையாளர் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்து வந்திருக்கிறது. இர்னா மட்டும் 1973-ல், தானே உருவாக்கிய ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ தொடரிலிருந்து நீக்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் காலமானார். அந்தத் துறை அவருக்குச் செய்தது எனக்கு இன்றும் கசப்பாக இருக்கிறது.

அப்புறம் ஏபிசியின் பொற்காலம். 1978-ல் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ மூடப்படும் நிலையில் இருந்தபோது குளோரியா மான்ட்டி தயாரிப்பாளராக வந்தார். காட்சிகளைச் சுருக்கினார், வேகத்தைக் கூட்டினார், சாகசக் கதைகளைப் புகுத்தினார். கல்லூரி மாணவர்கள் வகுப்பைத் தள்ளிவைத்து விடுதிக் கூடத்தில் கூடினார்கள். 1981 நவம்பர் 16, 17 இரண்டு நாளும் நடந்த, அந்தத் தொடரின் காதல் ஜோடி லூக்–லாராவின் கல்யாணத்தைச் சுமார் 3 கோடி பேர் பார்த்தார்கள். ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் அதில் நடித்தார். பகல் தொடர் எதுவும் அந்த எண்ணிக்கையைப் பிறகு தொடவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: 1979-ல் லூக் லாராவைப் பலாத்காரம் செய்தவன். அதைக் காதலாக மாற்றியது அந்தத் தொடரின் தீராத கறை. 1998-ல் அவர்களுடைய மகன் உண்மையைத் தெரிந்துகொள்ளும் கதையில் தொடரே அதற்குத் திரும்பி வந்து கணக்குக் கேட்டது.

என்பிசியின் ‘சான்டா பார்பரா’ 1984 முதல் 1993 வரை சொந்த ஊரில் சுமாராகத்தான் போனது. ஆனால் சோவியத் ஒன்றியம் கலைந்த கையோடு 1992-ல் ரஷ்யாவில் வெளியாகித் தெருக்களையே காலியாக்கியது. கேபிள் வந்த புதிதில் ஸ்டார் பிளஸ் வழியாக நம் வீடுகளுக்கும் அதுவும் ‘தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்’ தொடரும் வந்தது சிலருக்கு நினைவிருக்கலாம்.

சரி, ஏன் நின்றன? பெண்கள் வேலைக்குப் போனார்கள், கேபிள் வந்தது, வீடியோ வந்தது. எல்லாம் உண்மை. 1995-ல் முன்னாள் விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கின் நேரடி ஒளிபரப்பு மாதக்கணக்கில் மதிய நேரத்தை விழுங்கியது. அப்போது தொடர்களை விட்டுப்போன பார்வையாளர்களில் பலர் திரும்பவில்லை. ஆனால் சேனல்களின் சொந்தத் தவறு இதைவிடப் பெரியது என்பது என் முடிவு. விளம்பரதாரர்களுக்கு 18 முதல் 49 வயதுப் பெண்கள்தான் வேண்டும் என்பதால் மூத்த பாத்திரங்களை ஓரங்கட்டினார்கள். நான்சிகளும் பெர்ட்களும் விருந்தில் தலைகாட்டுவதோடு சரி. பாட்டி பார்க்கக் காரணம் இல்லாத வீட்டில் பேத்திக்குப் பழக்கம் வருவது எப்படி? வருடத்துக்குச் சுமார் 250 அத்தியாயம், மறு ஒளிபரப்பு வருமானம் கிடையாது, பெரிய நடிகர் பட்டாளம். பார்வையாளர் குறைந்ததும் இந்தக் கணக்கு உதைத்தது. பேச்சு நிகழ்ச்சி இதில் ஒரு பங்கு செலவில் முடிந்துவிடும்.

அப்புறம் வரிசையாக விழுந்தன. ‘அனதர் வேர்ல்ட்’ 1999-ல் போய் அதன் இடத்தில் வந்த ‘பேஷன்ஸ்’ எட்டு வருடத்தில் என்பிசியை விட்டுப் போனது. செலவைக் குறைக்க ‘கைடிங் லைட்’ கடைசியில் நியூஜெர்சியின் பீபாக் என்ற சிற்றூரில் கைக்கேமராவால் எடுக்கப்பட்டது. வானொலியும் டிவியுமாக 72 வருடம் ஓடி 2009 செப்டம்பர் 18-ல் முடிந்தது. மறு வருடம் ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’. 2011 செப்டம்பரில் ‘ஆல் மை சில்ட்ரன்’. அதன் நேரத்தில் சமையல் பேச்சு நிகழ்ச்சி போட்டார்கள். 2012 ஜனவரியில் ‘ஒன் லைஃப் டு லிவ்’. அதற்குப் பதிலாக வந்த நிகழ்ச்சி ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. 2022 செப்டம்பரில் ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’, இணையத்தில் பார்க்கும் பீகாக் ஸ்ட்ரீமிங்குக்கு மாற்றப்பட்டது. முதல் பகல் தொடரைக் காட்டிய என்பிசியில் அதன் பிறகு ஒன்றுகூட இல்லை.

சிபிஎஸ் மட்டும் திசை மாறியது. 2025 பிப்ரவரி 24-ல் ‘பியாண்ட் தி கேட்ஸ்’ தொடங்கியது. ‘பேஷன்ஸ்’ தொடருக்குப் பிறகு இந்தச் சேனல்களில் வந்த முதல் புதிய பகல் தொடர். வாஷிங்டன் புறநகரில் வசதியாக வாழும் ஒரு கறுப்பினக் குடும்பத்தை நடுவில் வைத்த கதை. கறுப்பினக் குடும்பத்தை ஆரம்பத்திலிருந்தே மையக் குடும்பங்களில் ஒன்றாக வைத்த என்பிசியின் ‘ஜெனரேஷன்ஸ்’ 1989-ல் வந்து இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. புதியதை உருவாக்கிய மிஷெல் வால் ஜீன், அந்த ‘ஜெனரேஷன்ஸ்’ தொடரில் எழுதத் தொடங்கியவர். தயாரிப்பில் ப்ராக்டர் அண்ட் கேம்பிளும் பங்கு. நடிகர்களில் பாட்டிக்கும் பேத்திக்கும் சமமான கதை கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் நல்ல அறிகுறியாகப் பார்க்கிறேன்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1950, 60-களின் தொடர்களில் பெரும்பகுதி நேரலையில் போய்விட்டது, அல்லது டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டார்கள். ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ முதல் அத்தியாயங்களை வரிசையாகப் பார்க்கும் வழியே இல்லை. ‘டார்க் ஷேடோஸ்’ மட்டும் விதிவிலக்கு. அதன் 1225 அத்தியாயங்களில் ஒன்றே ஒன்றுதான் தொலைந்தது, அதற்கும் ஒலிப்பதிவு கிடைத்திருக்கிறது. பார்னபஸ் வரும் இடத்திலிருந்து தொடங்கினால் போதும். வசனம் மறந்து நடிகர்கள் தடுமாறுவது, அட்டைச் சுவர் ஆடுவது எல்லாம் அப்படியே இருக்கும். மறுபடி எடுக்க நேரமும் பணமும் இல்லாத வேலை அது என்பது நாலு அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.